செத்தவீட்டுக் கொப்பி

அண்ணனின் செத்தவீட்டை நான் மவுசால் அமத்தி அமத்தித்தான் பார்த்தேன். அந்த அருவருப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கனடாவில், வேலைக்கு நின்ற இடத்திலேயே விழுந்து இறந்துபோனான். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். கொழும்புக்குப் போவதற்கே ஆயிரம் விளக்கம் சொல்ல வேண்டும், கனடாவுக்கு எங்கே போவது? எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிந்து கன நாட்களுக்குப் பிறகு தபாலில் ஒரு டிவிடி வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமோ சாவோ, படம்பிடித்து அனுப்பினால் அதற்குப் பெயர் கொப்பி. செத்தவீட்டுக் கொப்பி வந்துவிட்டதாமே என்று அயல் முழுக்க விசாரித்தது, ஏதோ புதுப்படம் வந்துவிட்டதுபோல.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பதினெட்டு வயதில் அனுப்பிவைத்த மகனின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக அவன் அனுப்பியதெல்லாம் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள். கமராவைப் பிடித்தவன் அவனேயாகையால் ஒன்றிலும் அவன் இல்லை.

வீட்டிலிருந்த பிளேயரில் போட்டேன். படம் கறுப்பு வெள்ளையாகி மேலும் கீழும் உருண்டது. ரிமோட்டை விரல் நோக அமத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து டவுனில் டிவி திருத்தும் கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோனேன். கொப்பியில் பிழையில்லை, அது அந்த நாட்டு முறை, எங்கள் டிவிக்குப் பிடிபடாது, கம்பியூட்டரில் போட்டால் ஓடும் என்றார். செத்தவனின் முகத்தைப் பார்ப்பதற்கும் நாட்டுக்கொரு முறை வைத்தவர்களை என்ன சொல்லி ஏசுவது?

டவுனுக்குக் கிட்ட ஓர்ஸ் ஹில்லில், என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர் வீட்டில் கம்பியூட்டர் இருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணீரும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து வீட்டாரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மிக்சரைக் கொறித்தபடி என் அண்ணனின் சாவைப் பார்க்க வந்த அந்தக் கூட்டத்தை எழும்பிப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் வந்தது மெனு. படம்பிடித்தவன் கல்யாணக் கொப்பிக்குச் செய்து வைத்திருந்ததையே எடுத்து, ஆங்கிலத்தில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தான். ரோஜாப்பூ வளையம், பின்னால் கெட்டிமேளம், சுழன்றுகொண்டிருக்கும் நாலு இதயங்கள். ஒன்றில் விருந்தினர் வருகை, ஒன்றில் மலர்வளையம், ஒன்றில் கிரியை, ஒன்றில் வழியனுப்புதல். எதையும் அமத்தாமல் விட்டால் கெட்டிமேளம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

முதல் இதயத்தை அமத்தினேன். கார்கள் வந்தன. பிறகும் கார்கள் வந்தன. கோட்டுப் போட்டவர்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். சீலை நல்ல விலையாக இருக்கும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். இடையில் குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் ஏதோ வெடித்து யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, சீலைக் கதைதான் தொடர்ந்தது. அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் முன்னுக்கு இழுத்தேன், அளவுக்கு மிஞ்சித் தாண்டிவிட்டது. பின்னுக்கு இழுத்தேன், திரும்ப மெனுவில் போய் விழுந்தது. மறுபடியும் கெட்டிமேளம். கடைசியில் கிரியை என்ற இதயத்துக்குள் கமரா பிரேதப் பெட்டிக்குக் கிட்டப் போனது. முகம் திரையை நிறைத்ததும் அப்படியே நிறுத்தினேன்.

அம்மா எழுந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி அரிசி. வாய்க்கரிசி போடக் கொண்டுவந்திருக்கிறார், எனக்குக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பதறிப்போய், அரிசி உள்ளே விழுந்தால் பழுதாகிவிடும் என்று கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சீ என்றாகிவிட்டது எனக்கு. அதற்குப் பிறகு அந்த மனிதரோடு நான் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

அம்மா அரிசியோடு திரைக்குக் கிட்டப் போனார். தலைமயிர் கொட்டி, கன்னம் ஊதி, பவுடரும் உதட்டுச் சாயமும் பூசி, டை கட்டிப் படுக்க வைத்திருந்த நாற்பது வயது ஆள் ஒருவர். அம்மா கன நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். பெயர் போட்டிராவிட்டால் எனக்கும் ஆளைத் தெரிந்திருக்காது. அதை நினைக்க என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"இது அவனில்லை," என்றார் அம்மா.

மெனுவுக்குப் போய்ப் பெயரை வாசித்துக் காட்டலாம் என்று மவுசில் கை வைத்தேன். அந்தச் சுழலும் இதயங்களுக்கு நடுவில்தான் அதைக் காட்ட வேண்டும். கையை எடுத்துவிட்டேன்.

அம்மா அரிசியைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கொப்பி மாறி வந்திட்டுது, தம்பி. இந்தப் பிள்ளையின்ர தாய் எங்கையோ பாத்துக்கொண்டு இருப்பா. கெதியா அவவுக்கு அனுப்பிவிடு."