சம்ப் மூடியின் இரண்டு ஓசைகள்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் தெருக்கதவுக்கும் நடுவே, நிலத்தடித் தொட்டியை மூடிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. சம்ப் மூடி என்போம். எந்த வண்டி வெளியே போனாலும் முன்சக்கரம் ஏறும்போது ஒரு முறை, பின்சக்கரம் ஏறும்போது ஒரு முறை அது ‘டங்’ என்று ஒலிக்கும். அந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையில், ஒரு மனிதர் முழு மூச்சை இழுத்து விடக்கூடிய இடைவெளி இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த இடைவெளி வீட்டுக்காரர் அண்ணாச்சியால் வந்தது.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக் கடை நடத்தியவர். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தில் கறார். குரலில் எப்போதும் ஓர் அதட்டல். ஆனால் என் அப்பாவின் நுரையீரல் நோய் முற்றி, படியேற முடியாமல் போனபோது, தாம் இருந்த கீழ்வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு நாங்கள் இருந்த மாடி வீட்டுக்குக் குடிபோனார். “ஏறி எறங்கினா எனக்கு ரத்த ஓட்டம் நல்லாருக்கும் தாயி” என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அப்பாவின் கட்டில் முன்னறைச் சன்னலோரம் இருந்தது. சன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், அண்ணாச்சியின் காருடைய புகைக்குழாய். இளவயதில் லாரி ஓட்டியவர் அவர். எஞ்சினைச் சூடாக்காமல் வண்டியை எடுப்பது பாவம் என்று நம்பினார். தினமும் காலையில் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, கண்ணாடிகளைத் துடைத்து, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, பிறகுதான் கிளம்புவார். அந்த நேரமெல்லாம் அப்பா கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சன்னலைத் திறந்தால் இருமல், சாத்தினால் திணறல். “அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?” என்று நான் கேட்டபோதெல்லாம் கையை உயர்த்தித் தடுத்தார். “தன் வீட்டையே நமக்கு விட்டுக்கொடுத்தவர். அவர்கிட்ட போய்க் காத்து சரியில்லேன்னு சொல்லுவியா?”

நான் வேலை பார்த்தது ஈக்காட்டுத்தாங்கலில், வாகனப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிகளைச் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில். தேனடைபோல நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும், எரியாத பெட்ரோல் ஆவியும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் அந்தத் துளைகளைக் கடக்கும்போது பெரும்பாலும் நஞ்சு நீங்கி வெளியேறும். ஆனால் அந்தக் கட்டி நன்றாகச் சூடேறிய பிறகே வேலையைத் தொடங்கும். “எப்போ முழிச்சுக்குது?” என்பதுதான் எங்கள் கூடத்தில் ஓயாமல் கேட்கும் கேள்வி. அது சற்று முன்னதாக விழித்துக்கொள்ளாதா என்று பகல் முழுவதும் கருவியின் முன் காத்திருந்தேன். வீட்டிலோ, அது விழிப்பதற்கு முந்தைய காற்றை என் அப்பா சுவாசித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, அப்பாவின் உதடுகள் நீலம் பாரித்ததைக் கண்ட பிறகு, அவருடைய சொல்லை மீறி வெளியே போய் நின்றேன். அண்ணாச்சி உற்சாகமாகப் பின்பக்கம் காட்டினார். “பாத்தியளா, ஒரு பொட்டு புகை வருதா? கம்பெனிக்காரனே உள்ள சல்லடை மாதிரி ஒண்ணு வெச்சிருக்கான்லா.”

“அதைத்தான் அண்ணாச்சி நாங்க ஆபீஸ்ல சோதிக்கிறோம். சூடேறுற வரைக்கும் அது தூங்கிட்டுத்தான் இருக்கும். கண்ணுக்குப் புகை தெரியாது, ஆனா விஷம் அப்படியே வெளியே வரும். நிறுத்தி வெச்சு ஓடவிட்டா சூடேற நேரமாகும். உடனே எடுத்து மெதுவா ஓட்டினா சீக்கிரம் முழிச்சுக்கும்.”

“அப்போ நான் கண்ணாடி தொடைக்குத நேரம் பூராவும்...”

சன்னலைப் பார்த்தார். கை நீட்டி எஞ்சினை நிறுத்தினார். உள்ளிருந்து அப்பாவின் இருமல் கேட்டது.

“நீங்க சொன்னது ஐயாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னார்.”

“தெரியவே வேண்டாம் தாயி.”

மறுநாள் காலை எஞ்சின் ஓசை எழவில்லை. திறந்த கதவின் சட்டத்தில் தோள் கொடுத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, அண்ணாச்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். டங். முழங்காலுக்காகச் சற்று நின்றார். மறுபடி தள்ளினார். டங். தெருமுனை வரை தள்ளிச் சென்று, அங்கே வண்டியைக் கிளப்பி, ஒரு கணமும் நிற்காமல் போய்விட்டார். தெருவின் காற்றும் யாரோ சுவாசிக்கும் காற்றுதான் என்பது எனக்குத் தெரியும். என்றாலும் அன்று சன்னலைச் சாத்தவில்லை.

வாசலில் இஸ்திரி போடுபவர் விடவில்லை. “இன்னா அண்ணாச்சி, தெனம் தள்ளிக்கினே போறீங்கோ? வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ருங்கோ!”

“உன் கரிவண்டியை நீ தள்ளலியாடே? என் வண்டிக்கும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.”

அப்பாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. “பாவம், இந்த வயசுல. பேட்டரியை மாத்தச் சொல்லும்மா” என்று என்னைத் தூது அனுப்பினார். “மாத்திருதேன்னு சொல்லுங்க” என்று அண்ணாச்சி பணிவாகப் பதில் அனுப்பினார். அந்தத் தூது பலமுறை போய் வந்தது. அது பழுதான வண்டி என்றே அப்பா கடைசிவரை நம்பினார். அதனால் அவருடைய ஆயுள் நீண்டதா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. அவருடைய காலைகளில் சன்னல் திறந்திருந்தது என்று மட்டும் சொல்வேன்.

மார்கழியில் அப்பா போனார். காரியங்கள் முடிந்த மறுநாள் காலை, அவருடைய கட்டிலில் படுத்திருந்த எனக்கு அதே ஓசை கேட்டது. எழுந்து வெளியே ஓடினேன்.

“அண்ணாச்சி, இனிமே இங்கேயே ஸ்டார்ட் பண்ணலாமே. அப்பாதான் இல்லையே.”

மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தார். “அந்த ரூம்புல இப்போ யாரு படுக்கா?”

“நான்தான்.”

“பொறவு என்ன?” என்று கேட்டுவிட்டு, மீண்டும் தோளைக் கொடுத்தார்.

அண்ணாச்சியும் இப்போது இல்லை. மாடியில் அவருடைய மகன் இருக்கிறார். மின்சாரக் கார் வைத்திருக்கிறார். அதற்குப் புகைக்குழாய் இல்லை, விழிக்கவேண்டிய வினையூக்கியும் இல்லை. காலையில் எஞ்சின் ஓசையின்றிச் சக்கரங்கள் மட்டும் உருளும்போது, ஒவ்வொரு நாளும் ஒரு கணம் ஏமாந்துபோகிறேன். முதல் டங் கேட்டதும், என்னையறியாமல் மூச்சை இழுக்கிறேன். அதை விடுவதற்குள் இரண்டாவது கேட்டுவிடுகிறது.