மகனுக்காக இழுத்த நெட்

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே என் மகன் ஒரு வார்த்தை சொன்னான். "இங்கன மட்டும் நல்ல நெட் இருந்தா குடும்பத்தோட வந்திருவேம்ப்பா. வீட்ல இருந்து பாக்குற வேலதான." சொல்லிவிட்டு ரசம் கேட்டான். அவன் பெங்களூரில் இருக்கிறான். அவன் சொன்னதை மறந்திருப்பான், நான் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்கு வராததற்கு முதலில் கக்கூஸ் வசதியில்லை என்றான், மாற்றிக் கட்டினேன். பிறகு தன் பிள்ளைக்கு வெக்கை தாங்கவில்லை என்றான், ஏசி மாட்டினேன். அந்த அறையை நானும் என் மனைவியும் திறப்பதே இல்லை. இப்போது மிச்சம் இருந்தது நெட் ஒன்றுதான்.

எங்கள் வீடு சங்கரன்கோவிலுக்கு வெளியே, மேலநீலிதநல்லூர் போகிற வழியில் கரிசல் காட்டுக்குள் தனியாக நிற்கிறது. போனில் பேசுவதென்றாலே மொட்டைமாடி மூலைக்கு ஏற வேண்டும். கேபிள் இழுப்பவர்களைக் கேட்டால், ஒரே வீட்டுக்காக அவ்வளவு தூரம் கம்பம் நட முடியாது என்று சிரித்தார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன் நான். என்னிடமே கம்பக் கதை சொன்னால் எரிச்சல் வராதா.

அப்புறம்தான் கம்பியே இல்லாமல் கொண்டுவரலாம் என்று தெரிந்தது. வயர்லெஸ் பிரிட்ஜ் என்கிறார்கள். நெட் இருக்கிற மாடியில் ஒரு டிஷ், நம் மாடியில் ஒரு டிஷ், இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். டவுனில் என் மனைவியின் தம்பி வீட்டில் நெட் நன்றாக வரும். மாடியைக் கேட்டேன்.

"தாராளமா மாட்டுங்க அத்தான். ஆனா அவன் வருவானான்னு ஒருவாட்டி கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்கவில்லை. பெற்ற மகனிடம் போய், நீ சொன்னது நிசந்தானா என்று எப்படிக் கேட்பது? உண்மையில் கேட்கப் பயமாக இருந்தது.

ஆனி மாதக் காற்று தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மாட்டிச் சோதித்தோம். எங்கள் பக்கம் டவுன் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கோவில் கோபுரத்தைத்தான் கைகாட்டுவார்கள். நானும் எங்கள் மாடி டிஷ்ஷைக் கோபுரத்துக்கு நேராகத் திருப்பி முடுக்கிவிட்டு, மச்சினன் வீட்டுக்குப் போய் அங்கிருந்து மனைவிக்குப் போன் போட்டேன். டிஷ்ஷின் முதுகில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

"ஒண்ணுகூட எரியல."

"நல்லாப் பாருட்டி."

"நல்லாத்தான் பாக்கேன். எனக்குக் கண்ணு இருக்கு, இதுலதான் லைட்டு இல்ல."

வெயில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மச்சினன் வீடு இருப்பது ரயில்வே ஸ்டேஷன் பக்கம், கோவில் பக்கம் அல்ல. எங்கள் டிஷ் காலையிலிருந்து சாமியிடம் நெட் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவியை எங்கள் மாடியில் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தை வெயிலில் ஆட்டச் சொன்னேன். தூரத்தில், கருத்துக் கிடந்த காட்டுக்கு நடுவே, மினுக் மினுக்கென்று ஒரு பொட்டு வெளிச்சம். அதுதான் என் வீடு. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தபோது, அங்கே எங்கள் இருவரையும் தவிர யாரும் வந்து இருக்கப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தள்ளிவிட்டு அந்தப் பொட்டைக் குறிவைத்து டவுன் டிஷ்ஷை முடுக்கினேன். பிறகு மச்சினனைத் தாம்பாளம் ஆட்டச் சொல்லிவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்து, இந்தப் பக்கத்தையும் சரிசெய்தேன்.

விளக்குகள் வந்தன. காற்று அடித்து, டிஷ் மாட்டியிருந்த பைப் ஆடியதும் போய்விட்டன. என் தொழில் வீண் போகவில்லை, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். எவ்வளவு காற்றுக்கும் பைப் அசையவில்லை. டவுனில் வந்த வேகம் அப்படியே எங்கள் காட்டிலும் வந்தது.

மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது நிக்காமப் போயிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள்.

அவள்மீது எரிந்து விழுந்தேன். நாக்கில் சனி என்று திட்டினேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகனுக்கு வீடியோ கால் போட்டேன்.

உடனே எடுத்தான். முகம் அவ்வளவு தெளிவாக வந்தது. காதோரம் நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது. டிஷ்ஷைக் காட்டினேன், கட்டிய கம்பியைக் காட்டினேன். "சூப்பர்ப்பா, எப்படிப்பா செஞ்சீங்க" என்று கேட்டான். கோபுரக் கதையைச் சொன்னேன், சிரித்தான். நானும் அப்போது சிரித்தேன்.

"அப்ப பிள்ளைக்கு இங்கன ஸ்கூல் பாத்திரட்டுமா?" என்றேன்.

அவன் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்து டிஷ்ஷை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு விளக்கும் அணையவில்லை. திரும்பிப் போனைப் பார்த்தேன். அவன் தலைக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

இனி அவனுக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை, எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

"அப்பா, அது வந்து... இங்க நாங்க ஒரு வீடு..." என்று ஆரம்பித்தான். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"கேக்கல மக்கா" என்றேன்.

"கேக்குதாப்பா? நாங்க இங்கயே..."

"ஒண்ணுமே கேக்கல. காத்துல்லா, விட்டு விட்டு வருது. சரியானதும் பேசுதேன்."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தேன்.