எங்கள் மலைக்கு ஒரு சுற்றுலாச் சீட்டு

கப்பலின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில், அன்றைய உணவு விவரத்துக்குப் பக்கத்தில், நான் பிறந்த ஊரை விலைக்குப் போட்டிருந்தார்கள். கொழும்பில் கப்பல் இரண்டு நாள் நின்று தேயிலை ஏற்றும். அதற்குள் கரையிறங்கிப் பார்த்துவர மூன்று பயணங்கள். ஒன்று மிருகக்காட்சிசாலை, ஒன்று கல்கிசைக் கடற்கரை. மூன்றாவது நுவரெலியா மலையும் தேயிலைத் தோட்டமும், ஹோட்டலில் ஓர் இரவு. முதல் இரண்டுக்கும் எதிரே குட்டி யானை வரைந்திருந்தது. குழந்தைகளுக்கு ஏற்றது என்று அர்த்தமாம். மலைக்கு எதிரே யானை இல்லை. அந்த மலையில், லிந்துலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒரே அறையில் ஏழு பேராகப் படுத்து வளர்ந்த நான், அந்த ஊர் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்பதை ஓர் ஆங்கிலேயக் கப்பலில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எக்ஸ்ரே எடுக்கப் படித்தவள். சென்னையில் படித்து, லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, கணவரின் ஊரான பினாங்குக்குக் குடிபோய்க்கொண்டிருந்தேன். வரிசைப்படுத்திப் பார்க்காமல் எனக்கு எதிலும் முடிவெடுக்க வராது. மிருகக்காட்சிசாலை: கிட்டத்தில், நிழல், ஐந்து வயது மகளுக்குக் குரங்கு. கடற்கரை: மணல், காற்று, செலவு குறைவு. மலை: நாள் முழுக்கக் கார், வளைவுகள், குளிர், வாந்தி, அக்கா. அந்தக் கடைசிச் சொல்லுக்கு ஈடாக வைக்க மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை.

“பாப்பாவுக்கு வளைவு ஒத்துக்காது. கடற்கரைக்கே போவமே” என்றார் கணவர்.

“இத்தன நாளா கடலத்தானே பாத்துக்கிட்டு வர்றோம். எறங்கியும் கடலா?”

சிரித்துவிட்டார். “சரி. வாந்தி எடுத்தா நீதான் தொடைக்கணும்.”

அம்மா செத்தபின் என்னை வளர்த்தவள் அக்கா. விடியுமுன் அவள் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்து நிற்பாள். நான் பள்ளிக்கூடம் போவேன். இப்போது இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் எங்கள் ஜனங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருக்க மனுப்போடுவதா என்பதுதான் லயமெங்கும் பேச்சு. நான் நேரில் வந்து சொல்வதைக் கேட்டே முடிவு செய்வதாக அக்கா யாரையோ பிடித்து எனக்கு எழுதுவித்திருந்தாள். பதிலைக் கப்பல் ஏடன் வருமுன்பே தயார் செய்துவிட்டேன்: போ. தோட்டத்துப் பாதை பிரியுமிடத்துக்கு நான் வரும் நாளை மட்டும் ஏடனிலிருந்து அவளுக்கு எழுதிப்போட்டேன்.

எங்களோடு அதே காரில் வரப் பெயர் கொடுத்திருந்தவர் ஹில்டா என்ற ஆங்கிலேய மூதாட்டி. அங்கே எனக்கு யாராவது இருக்கிறார்களா என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டார். மூன்று தலைமுறையாக அங்கேதான் இருக்கிறோம் என்றேன். “எத்தனை ஏக்கர்?” என்றார். நான் விளக்கத் தொடங்கியபோது சூப் வந்தது. அவர் காது அதோடு சூப்பின் பக்கம் போய்விட்டது. மறுநாளிலிருந்து மேசையில் எனக்கு மரியாதை கூடியது. கொழும்புத் துறைமுகத்து அதிகாரி மட்டும் அப்படி ஏமாறவில்லை. பிறந்ததே இங்கேதான் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டே, கரையிறங்கும் சீட்டில் இரண்டு நாள் என்று முத்திரை குத்தினார்.

ஹட்டனைத் தாண்டியதும் மகள் வாந்தி எடுத்தாள். கணவர் என்னைப் பார்த்தார். துடைத்தேன். தலவாக்கலையில் முகம் கழுவிவிட்டு, லிந்துலையில் எங்கள் தோட்டத்துப் பாதை பிரியுமிடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

“படம் புடிக்கிற எடம் இன்னுங் கொஞ்சம் மேல தங்கச்சி” என்றார் காரோட்டி காதர் நானா.

“படத்துக்கில்ல நானா. எங்க அக்கா வருவாங்க.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “தோட்டத்துப் புள்ளையா நீங்க? மொதல்லயே சொல்லப்படாதா!” கேட்காமலே காரைத் தோட்டத்துப் பாதையில் ஏற்றி ஓரமாக நிறுத்தினார்.

அக்கா கூடையோடேயே இறங்கி வந்தாள். இடுப்பில் நனைந்த சாக்கு, கையில் குடை. “கண்டாக்கையா கால்ல விழாத கொறையாக் கேட்டு வந்திருக்கேன். வெரசா பேசு” என்றாள். கண்டாக்கையா என்றால் மலையில் வேலை வாங்கும் உத்தியோகத்தர். கொழுந்துக் கறை ஒட்டாமல் புறங்கையால் என் மகளின் கன்னத்தைத் தடவினாள். “சீமையில இருந்து சென்ட் வாசத்தோட வருவேன்னு பாத்தா, வாந்தி வாசத்தோட வந்திருக்கியே தங்கம்.” மகளைக் காருக்குப் பக்கத்தில் கணவரிடமும் ஹில்டாவிடமும் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் சற்று மேலே நடந்தோம்.

“சொல்லு. போறதா, இருக்கறதா?”

“போயிரு அக்கா.”

“குளுருமா அங்க?”

“வேகும்.”

“கொழுந்து எடுக்கற வேல?”

“நீலகிரியில இருக்கு. ஒனக்குக் கெடைக்கும்னு சொல்ல முடியாது.”

“அப்பறம் எதுக்குடி போகச் சொல்ற?”

இந்தக் கேள்விக்காகத்தான் கடல் முழுவதும் காத்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் துரை வந்தால் தொழிலாளி பாதையில் நிற்கக் கூடாது. குடையை மடக்கிக்கொண்டு, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். நடக்கத் தெரிந்த உடனே எங்களுக்குப் பழகிவிடும் காரியம் அது. “அங்க எந்தத் தொரைக்காகவும் நீ ரோட்ட விட்டு எறங்க வேணாம். அது போதாதா?” என்றேன்.

அக்கா யோசித்தாள். அந்த யோசனையில் ஒரு சம்மதம் தெரிந்தது. அதற்குள் வளைவில் ஜீப்பின் ஹாரன் கேட்டது.

அடுத்து நான் உணர்ந்தது காலில் குளிர்ந்த தண்ணீரை. லண்டனில் வாங்கிய தோல் காலணிகளோடு, அக்காவுக்குப் பக்கத்தில், கானுக்குள் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். கணவரும் ஹில்டாவும் பாதையிலேயே நின்றார்கள். இறங்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. துரை வேகத்தைக் குறைத்து, ஹில்டாவுக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, அவர்களை உரசாமல் விலகிப் போனார். கான் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அடியே, மெட்ராசு பாத்த, சீமை பாத்த. ஒங்காலு என்னாத்துக்குடி எறங்குச்சு?”

கட்டியிருந்த கைகளை அப்போதுதான் பிரித்தேன்.

“சரி வுடு. போறதா இருக்கறதான்னு நானே பாத்துக்கறேன்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கடனாக என்னிடம் கொடுத்திருந்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

மகள் ஓடிவந்து கான் விளிம்பில் நின்றாள். “அம்மா, நானும் வரட்டா?”

“நீ வராத கண்ணு” என்று அக்கா சிரிப்பை நிறுத்திச் சொன்னாள். “நீ ரோட்டுலயே நில்லு.” பிறகு என் முழங்கையின் கீழே கைகொடுத்தாள். “நீயும் ஏறு. காரு நிக்குது.”

ஒரு காலை மேலே வைத்தேன். பாதையிலிருந்து மகள் என் விரலைப் பிடித்து இழுத்தாள், கீழிருந்து அக்கா தள்ளினாள். உடம்பின் பாரம் முழுவதும் இன்னும் தண்ணீருக்குள் இருந்த காலில்தான் இருந்தது.