லைன் சரியில்லை என்றேன்

2001இல் கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மேல்வீட்டு அக்காவுக்கு டயல்-அப் இணைப்புப் போட்டுக்கொடுக்கப் போனேன். ஊரில் போன் வசதியில்லாத அவருடைய கணவர் மட்டக்களப்பு டவுனுக்குப் போய் அனுப்பும் மின்னஞ்சலுக்காக அக்கா காத்திருந்தார்.

இணைப்பு முறை ஸ்லிப்பா, பிபிபியா என்று கணினி கேட்டது. விளக்கத்தாள் பிரெஞ்சில் இருந்தது. வாசிக்கத் தெரியாதென்று சொல்ல வெட்கப்பட்டு, தாளைப் பார்க்காமலே ஸ்லிப்பை அழுத்தினேன். இணையவில்லை.

"உங்கட லைன் சரியில்லை அக்கா," என்றேன்.

இரண்டு கிழமையில் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் எழுதியதையாவது பார்க்க வேண்டுமென்று அக்கா கூப்பிட்டார். பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவர், தாளை நீட்டினார்.

"தம்பி, இதில பிபிபி எண்டெல்லோ கிடக்கு."

மாற்றியதும் இணைந்தது. மூன்று கடிதங்கள். கடைசிக் கடிதத்தில், "ஏன் பதில் இல்லை? என்னோட கோவமா?"

அக்கா கண்ணைத் துடைத்தார். "லைன் இப்பத்தான் சரிவந்திருக்குப் போல, தம்பி."

அப்போதும் நான் "ஓம் அக்கா" என்றேன்.