வரைந்தவனுக்கு என்ன வருமானம்

கடலூரில் ஒரு டைல்ஸ் கடையில் பதினோரு வருடமாக விற்பனையாளனாக நிற்கிறேன். வாங்க வருகிறவர்களின் சமையலறையையும் கூடத்தையும் மனதுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. அதனால்தான் ஞாயிறுதோறும் புதுச்சேரிக்குப் போய் இன்டீரியர் டிசைன் படித்தேன். சென்னையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களாம். பாடம் நடத்தியவர் சொல்லும்போது கேட்கவே நன்றாக இருந்தது. எங்கள் பக்கம் வரைந்து கொடுப்பதற்குக் காசு என்றால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆசை விடவில்லை.

மனைவியும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். ஒரே ஒரு வீட்டையாவது முழுசாகச் செய்து கூலி வாங்கிவிட்டால், கடையை விட்டுவிடுவது. "துணிஞ்சு வுடுங்க, பாத்துக்கலாம்" என்று சொன்னவளே அவள்தான்.

அந்த ஒரு வீடு சிதம்பரத்தில் கிடைத்தது. என் அக்கா கணவரின் அண்ணன் கட்டிய வீடு. எனக்கு மாமா முறை. கூலியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் "பாத்துச் செய்ங்க மாமா" என்று அசடு வழிந்ததோடு சரி. இன்று நினைத்தாலும் என் மேல்தான் எரிச்சல் வருகிறது. ஏழு ஞாயிற்றுக்கிழமை, சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் தாண்டும்வரை பஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்வந்தேன். பூஜை அலமாரியை வாஸ்துக்காரர் மூன்று தடவை இடம் மாற்றினார். மூன்று தடவையும் திரும்ப வரைந்தேன். மாமாவின் மனைவி உயரம் குறைவு என்பதால் சமையல் மேடையை இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னேன். "எல்லா வூட்லயும் ஒரே ஒசரந்தான் சார்" என்று மேஸ்திரி மல்லுக்கு நின்றார். பிறகு அவரே இறக்கிக் கட்டினார்.

கிரகப்பிரவேசத்தன்று ஹோமம் முடிந்ததும், வீட்டைக் கட்டியவர்களுக்கு மரியாதை செய்தார்கள். மேஸ்திரி, ஆசாரி, எலக்ட்ரீஷியன், பெயிண்டர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வேட்டி துண்டும் பணமும் வைத்த தட்டை மாமா கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெயிண்டரோடு தட்டுகள் தீர்ந்துவிட்டன.

மேஸ்திரிதான் கேட்டார். "அளவெல்லாம் சார் போட்டது. அவரையும் கூப்டுங்க."

மாமா வந்து என் தோளில் கை போட்டார். "அவுரு நம்ம வூட்டு ஆளு. அவருக்கு எதுக்குங்க தட்டு?"

பிரியமாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெண்கள் பக்கம் இருந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் என்னை முதல் இலையில் உட்காரவைத்து, மாமா தன் கையாலேயே வடை வைத்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "தேவனாம்பட்டினம் ரோட்டுல நம்ம சகலை வூடு கட்றாரு. உங்களப் பத்திப் பெருமையா சொல்லி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம போயி வரைஞ்சு குடுத்துடுங்க மச்சான்."

அந்தப் பத்து நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை ஒருவழியாகச் சொன்னேன். "மாமா, இந்தத் தடவ பீஸ் வாங்கிக்கிறேன்."

"என்னா மச்சான், நமக்குள்ள போயி பீஸுன்னுட்டு" என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"சும்மா சொன்னேன் மாமா. போறேன்" என்று போனை வைத்தேன்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கடையில இந்த வருஷம் சம்பளம் எப்ப ஏத்துவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.