அட்ரியன் வளர்த்த கோழிகள்

நவம்பர் பிறந்ததும் ஒடில் வியோலெட் தன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பாள். வயதாகி முட்டை நின்றுபோன கோழி என்று தெரிந்தால் அதன் காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். துணி கட்டிய கோழி பனிக்காலத்தைப் பார்க்காது. சட்டியில் உருளைக்கிழங்கோடு கிடக்கும்.

“தின்னுறதுக்கு மட்டும் முன்னாடி வந்து நில்லு” என்று துணி கட்டும்போதே அதைத் திட்டுவாள். இறகு உதிர்கிற பருவம் வேறு. பாதி உரித்த மாதிரி அலைகிற அந்த ஜீவன்களைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக வரும். உலகத்திலேயே முட்டாளான பிராணி கோழிதான் என்பது அவள் கட்சி. அடுத்த இடத்தை மனிதர்களுக்குக் கொடுத்திருந்தாள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில், ஆற்றுக்கு அக்கரை கனடா என்கிற அளவுக்கு வடக்கே, அவள் முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அவள் மதித்த ஆள் யாரும் இல்லை. மழை வரும் பனி வரும் என்று டிவியில் சொல்கிறவனை மதிக்கமாட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன புருஷன் ரோசேரையும் அவள் மதித்ததில்லை. “குளத்து வாத்துக்கு ரொட்டி பிச்சுப் போட்டே ஆயுசைக் கழிச்ச மனுஷன்” என்பாள். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச்சில்லை.

அந்தக் கோடையில் அவள் தம்பி அட்ரியன் ஊருக்குத் திரும்பி வந்தான். கனெக்டிகட்டில் விமான இஞ்சின் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இஞ்சின் மூடிகளில் எங்கேயாவது காற்று கசிகிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. வந்தவன் மனைவி கோலெட்டோடு சாலையோரம் வீடு வாங்கினான். பின்னால் ஒரு கோழிக்கொட்டில் கட்டினான். ஒன்பது பெட்டைக் குஞ்சுகளும் ஒரு சேவலும் வாங்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். சேவலுக்கு ‘கர்னல்’ என்று பெயர்.

குளிர் தொடங்கியதும் அக்காளைக் கூப்பிட்டுக் கொட்டிலைக் காட்டினான். சுவர் முழுக்கக் குளிர் புகாத பஞ்சுப் பலகை. ஜன்னல், இடுக்கு, கூரையடி, ஒன்று விடாமல் தடித்த பிளாஸ்டிக் தாளை இழுத்து ஆணியடித்திருந்தான்.

“பாத்தியா அக்கா? ஒரு ஊசி முனை காத்து உள்ள வராது.”

“வெளிய போக வழி எங்கடா?”

“எது வெளிய போகணும்?”

“அதுங்க விடுற மூச்சு. போடுற பீ. எல்லாம் ஈரம்டா. குளிர் கோழியைக் கொல்லாது, ஈரம்தான் கொல்லும். கூரைக்கடியில நாலு விரக்கடை திறந்து விடு.”

“நாப்பது வருஷம் அடைப்பு சரியா இருக்கான்னு பாத்தவன் நான். எனக்கே சொல்றியா?”

“உன் கோழி விமானத்துல போகலைடா.”

அட்ரியன் சிரித்தான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். திட்டினால் சிரிப்பான், பிறகு தான் நினைத்ததையே செய்வான். ஒடிலுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே ஆகாது. இனி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று வீட்டுக்குப் போனாள்.

நான்காம் நாள் காலை, பிள்ளைகளை ஏற்றப் போகிற வழியில் காலி பஸ்ஸைத் தம்பி வீட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லை. பின்பக்கம் போய்க் கொட்டில் கதவைத் திறந்ததும் எச்சத்தின் கார நெடி கண்ணைக் கரித்தது. சுவரெல்லாம் வேர்த்திருந்தது. கர்னல் அவளைப் பார்த்து, தன் ராஜ்ஜியம்போலக் கழுத்தை நிமிர்த்தியது.

“நீயும் உன் எஜமானும்” என்றாள். சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துக் கூரையடியில் பிளாஸ்டிக்கை ஒரு முழம் கிழித்தாள். தம்பிக்காகச் செய்யவில்லை. கோழிக்காகவும் இல்லை. தப்பாகச் செய்த வேலையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் போனபோது கிழிசல் மேல் புதுத் தாள் அடித்திருந்தது. காற்று கிழித்ததென்று நினைத்துக்கொண்டான் போல. அவள் மறுபடி கிழித்தாள். அவன் மறுபடி ஒட்டினான். இப்படியே ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒரு ராத்திரி முதல் பனி விழுந்தது. காலையில் அவள் கத்தியோடு உள்ளே நிற்கும்போது வாசலில் அட்ரியன் வந்து நின்றான். சாலையோரம் பஸ்ஸின் டயர்த் தடம், அங்கிருந்து கொட்டில்வரை பூட்ஸ் தடம்.

“நீதானா?”

“வேற யாரு? உன் கர்னல் கொண்டையைப் பாருடா.”

சேவலின் கொண்டை நுனிகள் கறுத்திருந்தன. கொண்டையில் படிந்த ஈரம் உறைந்து சதை செத்துப்போயிருந்தது.

“அது அழுக்கு” என்றான் அட்ரியன்.

ஒடில் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டாள். தெரியாதவனைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தெரிந்த பிறகும் ஒப்புக்கொள்ளாதவனை என்ன செய்வது? “அப்ப சோப்புப் போட்டுக் கழுவு” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்று பிள்ளைகள் எல்லாரும் ஆறு நிமிஷம் தாமதம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அட்ரியனும் கோலெட்டும் வண்டி நிறையக் கூண்டுகளோடு வந்து இறங்கினார்கள். ஒடில் கோதுமைநொய் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

“முழங்கால் வலி தாங்கலை அண்ணி” என்றாள் கோலெட். “ஏப்ரல் வரைக்கும் ஃபுளோரிடா போறோம்.”

“ஒரு பனிக்காலம் தாங்கலையா? மொத்தமா ஒரு மாசம் ஆச்சு.”

“கோழிங்களை நீ பாத்துக்கிறியா அக்கா?” என்றான் அட்ரியன்.

“என் வாசலுக்குள்ள வந்துட்டா அது என் கோழி. எதை வச்சுக்கிறேன், எதை அறுக்கிறேன்னு நீ கேக்கக் கூடாது.”

மறுப்பான், கெஞ்சுவான், கர்னலையாவது விட்டுவிடு என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் தீவன மூட்டையை இறக்கி வைத்தான். தோசையில் இரண்டு தின்றான். கூண்டுகள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் வண்டியேறிப் போய்விட்டான். பெயர் வைத்து வளர்த்த ஆள்! கொட்டிலை இறுக்கி மூடினதைவிட இதுதான் அவளுக்குக் கேவலமாகப் பட்டது.

புதுக் கோழிகளுக்கும் தன் கோழிகளுக்கும் நடுவே கம்பிவலை கட்டி, பத்து நாள் ஒன்றையொன்று பார்த்துப் பழகவிட்டாள். பிறகு வலையை எடுத்தாள். இரண்டு நாள் கொத்துச் சண்டை. அப்புறம் எல்லாம் ஒரே கம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. தம்பியின் பெட்டைகளுக்கு அது முதல் பனிக்காலம். இளம் கோழிகள் குளிரிலும் முட்டை போடும். அவள் கோழிகள் ஒன்றுகூடப் போடாமல் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த ஒன்பதும் தினம் ஐந்து, ஆறு என்று போட்டன. இது ஒடிலுக்குப் பெரிய எரிச்சல்.

கர்னல் மட்டும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. வெந்நீர் கொண்டுபோகிறவள் காலில் பாய்ந்து பாய்ந்து குத்தியது. ஜனவரி நடுவில், மூன்றாம் தடவை ரத்தம் வந்த அன்று, அதைப் பிடித்துக் கால் கட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அட்ரியன் போன் செய்தான்.

“அக்கா, கர்னல் எப்படி இருக்கான்?”

“ரெண்டு மணி நேரம் வேகவச்சேன். அப்பவும் கொஞ்சம் கடினம்தான்.”

ஒடில் காத்திருந்தாள். திட்டட்டும், கத்தட்டும், ஒரு தடவையாவது இவனுக்கு ரோஷம் வரட்டும்.

“இங்க நல்ல வெயில்” என்றான் அட்ரியன்.

அவள் போனை வைத்துவிட்டாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. தண்ணீர்ச் சட்டி மறுபடி உறைந்திருக்கும். கெட்டிலை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தாள். “கத்தத் தெரியாத பயல்” என்று வழியெல்லாம் திட்டினாள். உள்ளே சின்னப் பெட்டை ஒன்று, தம்பி ‘ரோசாலி’ என்று கூப்பிட்டது, முட்டைப் பெட்டியில் இன்னும் உட்கார்ந்திருந்தது.

“எழுந்திரு ரோசாலி” என்றாள் ஒடில். கோழியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கோபத்தில் பனிக்கட்டியை ஓங்கி உடைத்தாள்.