அடுப்புப் பரணில் ஐந்து தோட்டாக்கள்

காலை 8.10. நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவை பஸ். டிக்கெட் நூற்று எண்பது ரூபாய். மார்கழி மழை விடவேயில்லை. "ஜன்னலச் சாத்துங்க ஐயா, இந்தப் பனியில வெறகுக்கே சளி புடிச்சிருக்கு" என்றார் கண்டக்டர். அன்று நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

10.05. பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் மேலே ஏறினால் மாரிமுத்து குடியிருக்கும் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். கூரைத் தகரம் மாற்றும்போது, அடுப்புக்கு மேலிருந்த பரணில் ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டதாம். உள்ளே தோட்டாக்கள். பழைய துவக்குகளைப் பற்றி நான் படிப்பது அவருக்குத் தெரியும். "என்ன காலத்துச் சாமான்னு மட்டும் வந்து சொல்லுங்க அண்ணே" என்று போனில் கெஞ்சியிருந்தார்.

காரணம் இருந்தது. போர் நடந்த கெட்ட காலத்தில், ஆயுதம் ஒளித்தவர் என்று சொல்லி அவருடைய அண்ணன் கதிரேசனை இந்த வீட்டிலிருந்து பொலிஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். திரும்பவில்லை.

"அவரு ஒளிச்சு வச்சதா இருந்தா, புடிச்சிட்டுப் போனவங்க சொன்னது சரின்னு ஆயிருமே" என்றார் மாரிமுத்து.

டின்னைத் தொடாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து. பித்தளை அடி, கூரை ஒழுகிய ஈரத்தில் ஊதிய சிவப்புக் காகித உடல்.

ஆதியில் வெடிமருந்தைத் தனியாகவும் குண்டைத் தனியாகவும் குழாயில் போட்டு இடித்தார்கள். பிறகு இரண்டையும் காகிதத்தில் சுருட்டி, பல்லால் கிழித்துக் கொட்டினார்கள். அப்புறம்தான் அடியில் தட்டினால் வெடிக்கும் பித்தளைத் தோட்டா வந்தது. போர் ரைபிளுக்கு முழுப் பித்தளை, கூர்முனைக் குண்டு. வேட்டைக்குக் காகிதக் குழாய் நிறையச் சன்னம், அதாவது பொடி ஈயக் குண்டுகள். இப்போது அந்தக் காகிதமும் போய் பிளாஸ்டிக், வாயை நட்சத்திரம்போல் மடித்திருப்பார்கள். இவற்றின் வாயிலோ விளிம்பு சுருட்டி, வட்ட அட்டை மூடியிருந்தது.

"இது வேட்டைத் தோட்டா. உங்க அண்ணன் பொறக்கறதுக்கும் முந்தினதா இருக்கும்."

"அப்ப எங்கப்பாவோடது. தோட்டத்துத் தொரையோட பன்னி வேட்டைக்குப் போவாரு."

காகிதம் நனைந்தால் ஊதி, துவக்குக்குள் போகாது. அதனால்தான் அடுப்புக்கு மேல் வைத்திருக்கிறார். அந்த நெருப்பில்தான் இத்தனை வருஷம் ரொட்டி சுட்டிருக்கிறார்கள்.

மாரிமுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணனக் கேட்டு அப்பா ஒரு நாளும் ஸ்டேசனுக்குப் போகலண்ணே. கோழைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன். போனா வீட்டச் சோதிப்பாங்க, இது அகப்படும்னுதான்..." அப்பா இறந்து ஆறு வருஷம்.

"பேசாம கக்கூஸ் குழியில போடுங்க" என்றார் மனைவி இராசம்மா.

"ஒளிச்சது போதும்" என்று மாரிமுத்துவே பொலிஸுக்குப் போன் செய்தார்.

பிற்பகல் 2.40. ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டதும் லயத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். வந்த இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பெயர், விலாசம் எழுதி, டின்னை எடுத்துக்கொண்டதற்கு ரசீதாக ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள்.

இராசம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தகர டப்பாவுக்குத் துண்டு குடுக்குறாங்க. மூத்தவரக் கொண்டு போனப்ப இதுகூடக் குடுக்கல."

மாலை 4.20. பஸ் வரை மாரிமுத்து வந்தார். குடைக்குள் வரச் சொன்னேன், வரவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலோடு கூடவே நடந்தார்.

"திங்கக்கெழம ஸ்டேசனுக்குப் போறேன் அண்ணே, அண்ணனக் கேக்க. இப்பத்தான் வீட்ல ஒண்ணும் இல்லியே."